தெரிந்தவர்களைத் தாண்டி ஒருவரும் கேட்பதில்லையே!

கேள்வி: கூத்து, கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு பற்றி நண்பர்கள் மூவர் சேர்ந்து பொட்காஸ்ட் நடத்துகிறோம். 11 பகுதிகள் வந்துவிட்டன. கேட்பவர்கள் நாற்பதைத் தாண்டவில்லை; அவர்களும் சொந்தக்காரர்கள்தான். புதியவர்களை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் ‘பகுதி 7 – ஓர் உரையாடல்’ என்று இருக்கிறது. இதை யார் தேடுவார்? கூத்தின் இரு பாணிகளை வைத்து ‘வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம்?’ என்று வையுங்கள், தேடுபவர் கையில் அகப்படும். நம்மவர் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆகவே கூத்து, மட்டக்களப்பு போன்ற சொற்களை விவரக்குறிப்பில் அப்படியும் ஒருமுறை எழுதுங்கள். ஒருமுறை போதும், சொற்களை அடைத்துவைத்தால் அப்பிள் பொட்காஸ்ட் தளம் உங்கள் நிகழ்ச்சியையே தூக்கிவிடலாம். பழைய தலைப்புகளை இருந்த இடத்திலேயே திருத்துங்கள். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் அது வேறு பகுதியாகிவிடும், முன்பு பகிர்ந்த இணைப்புகளும் செத்துப்போகும்.

வட்ஸ்அப் குழுக்களில் முழு ஒலிக்கோப்பையும் போடுகிறீர்களாம். நிறுத்துங்கள். கேட்டவருக்கு அடுத்த பகுதி எங்கே என்று தெரியாது, உங்கள் கணக்கிலும் ஏறாது. பதிலாக 40 விநாடித் துண்டு ஒன்று வெட்டுங்கள்: கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டு வாசித்துக்காட்டும் இடம் போதும். அறிமுக இசை வேண்டாம். முதல் 5 விநாடிக்குள் விஷயம் தொடங்கிவிட வேண்டும். கீழே இணைப்பு ஒன்றே ஒன்று. அப்பிள் இணைப்பை வைத்து அன்ட்ரொயிட் போன்காரர் என்ன செய்வார்? நீங்கள் ஒலிப்பதிவை ஏற்றும் சேவை தரும் நிகழ்ச்சிப் பக்கத்தையே கொடுங்கள், எந்தப் போனிலும் திறக்கும். கூகுள் பொட்காஸ்ட் 2024இல் மூடப்பட்டுவிட்டது. அதன் இணைப்பு எங்காவது கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

அட்டைப்படத்தை 3000க்கு 3000 பிக்சலில் செய்தாலும், ஆட்கள் பார்ப்பது பெருவிரல் நகமளவில். அந்த அளவில் முதலில் காணாமல் போவது புள்ளி: ‘கூத்து’ ‘கூதது’ ஆகிவிடும். தடித்த எழுத்து, மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். போனில் சிறிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்து நட்சத்திரம் கேட்பதை விடுங்கள். அப்பிளின் முன்னணிப் பட்டியலுக்கு அது கணக்கில்லை. ‘ஃபொலோ’ பண்ணச் சொல்லுங்கள்.

குளிர்த்திப் பகுதியைச் சடங்கு முடிந்த பிறகு வெளியிட்டிருக்கிறீர்கள். அடுத்த வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்குக்காகத் திருக்கதவு திறக்க இரண்டு வாரம் முன்பே போடுங்கள். ஊருக்கு வரமுடியாமல் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அந்த நாட்களில்தான் தேடுவார்கள்.