அட்டையில் விடுபட்ட ஊர்

கேள்வி: 1950களில் அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த நாள் முதல் நாங்கள் வட்டக்கச்சியில்தான் இருக்கிறோம். மகளுக்குத் தருமபுரத்தில் சம்பந்தம் சரிவந்திருக்கிறது. மாப்பிள்ளை ஆசிரியர், நல்ல குணம். அவருடைய பாட்டியார் 77 கலவரத்தில் பதுளையிலிருந்து வந்தவர். பிள்ளைகள் விரும்பியதால் ஒத்துக்கொண்டோம். கனடாவிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். மலைநாட்டுச் சம்பந்தம் என்று அவர் முகம் சுளித்தால் எப்படிச் சமாளிப்பது? அழைப்பிதழில் அவர்களுடைய ஊரைப் போடாமல் கிளிநொச்சி என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரியை இணைத்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள்.
— ஒரு தாய், வட்டக்கச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பிழை இருக்கிறது. இடப்பக்கம் உங்கள் பெயர்களுக்குக் கீழே ‘புங்குடுதீவு 8ஆம் வட்டாரம்’, அதற்கும் கீழே ‘வட்டக்கச்சி’ என்று இரண்டு வரிகள். வலப்பக்கம் மாப்பிள்ளையைப் பெற்றவர்களின் பெயர்களுக்குக் கீழே ‘கிளிநொச்சி’ என்று ஒற்றைச் சொல். அதன் கீழே வெறும் தாள்.

அண்ணனை எப்படிச் சமாளிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. கனடா அண்ணன், லண்டன் மாமி என்று யாரையாவது முன்னால் நிறுத்தி வரும் கடிதங்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். உங்கள் அண்ணன் இன்னும் வாயே திறக்கவில்லை. ஊரை வெட்டியது நீங்கள்.

உங்கள் அப்பாவும் வந்து குடியேறியவர்தானே? தீவில் கிணறு உவர்த்தது, பயிர் வானத்தைப் பார்த்தது. இங்கே இரணைமடுக் குளத்தின் கீழ் பெர்மிட்டோடு காணி கிடைத்தது, வாய்க்கால் தண்ணீர் கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். காடு வெட்டி, காய்ச்சலில் கிடந்து அந்த மண்ணை வயலாக்கியவர்கள் அவர்கள். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் உங்கள் வீட்டில் ஒரு மரண அறிவித்தல் போட்டால் ‘புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் வட்டக்கச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட’ என்றுதான் தொடங்கும். உங்களுக்கு இரண்டு ஊர். அவர்களுக்கு ஓர் ஊர்கூடக் கூடாதா?

அந்தப் பாட்டியார் வந்த வழியையும் நினைத்துப் பாருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1977 ஆகஸ்டில் கலவரம் தோட்டங்களுக்குள் புகுந்தபோது உடுத்த உடையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்தார்கள். அவர்களும் காடுதான் வெட்டினார்கள். அந்தக் காணிகளில் பலவற்றுக்கு வாய்க்கால் வரவில்லை, பெர்மிட்டும் வரவில்லை. நம்முடைய வயல்களில் களை பிடுங்கியும் நெல் அறுத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். உங்கள் மருமகன் ஆசிரியரானது அப்படித்தான்.

2008 கடைசியில் போரால் கிளிநொச்சியே பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நகர்ந்தபோது எந்த ஊரின் வளவுகளில் தறப்பாள் கட்டினோம்? ‘தருமபுரத்தில் இருக்கிறார்களாம்’ என்று சொல்லித்தானே ஒருவரையொருவர் தேடினோம்? அன்றைக்கு அந்தப் பெயர் வாயில் வந்தது. இன்றைக்குத் தாளில் போட ஏன் கூசுகிறது?

‘அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை கோபம் எனக்கு. சொல்லவில்லை என்றால் சம்மதமா? பஸ்ஸிலும் கந்தோரிலும் கோயில் வீதியிலும் ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கியே பழகியவர்கள் அவர்கள். பிள்ளையின் கலியாணம் நல்லபடி நடக்கட்டும் என்று இதையும் விழுங்கியிருக்கிறார்கள். அதை நீங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் மகள் இதற்கு என்ன சொன்னாள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கேட்டீர்களா? நாளை பிறக்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தருமபுரம்தான் ஊர். அந்தப் பிள்ளை ஒருநாள் இந்த அட்டையை எடுத்துப் பார்க்கும்.

பெண் கொடுக்கும் வீட்டின் ஊரைச் சொல்லக் கூசுகிறவர்கள் அந்த வீட்டில் பெண் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்கள் என்றால் முழுமனதோடு கொடுங்கள்.

உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு தருமபுரத்துக்குப் போங்கள். தொலைபேசியில் சொல்லும் காரியம் இல்லை இது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று சாட்டுச் சொல்லாதீர்கள். நான்தான் எடுக்கச் சொன்னேன், பிழை செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர்கள் தரும் தேநீரை உள்ளே உட்கார்ந்து குடியுங்கள். தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கை மாப்பிள்ளை வீட்டிலேயே வைக்கக் கேளுங்கள். அவர்கள் வழக்கத்தில் என்னென்ன சடங்கு உண்டு என்றும் கேளுங்கள், அதுவும் நடக்கட்டும். அண்ணன் வந்திறங்கியதும் முதலில் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஊர்விட்டு ஊர் போய் வேரூன்றுவது எவ்வளவு பாடு என்பது, கனடாவில் அத்தனை குளிர்காலம் கண்ட அவருக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அட்டை அடித்து முடிந்திருந்தால் மறுபடி அடியுங்கள், காசு போனால் போகட்டும். வலப்பக்கத்திலும் இரண்டு வரி வரவேண்டும். இரண்டாவது வரி தருமபுரம். முதல் வரியில் எதைப் போடுவது என்று அந்தப் பாட்டியாரிடம் கேட்டு எழுதுங்கள்.