மரை உரிஞ்ச ஸ்டட்டும் ரெண்டே வார்த்தை பில்லும்

போன மாசம் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டல் காடி வாங்குறதப் பத்தி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதுலேர்ந்து ஹெட் ஸ்டட், அதாவது சிலிண்டர் மேல உக்காருற ஹெட்ட இன்ஜின் கேஸோட சேத்துப் பிடிக்கிற மரை போட்ட கம்பி, அது பத்தியே கடிதமா வருது. சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: என் 1968 பீட்டலுக்கு ஹெட் கழட்டி வால்வு வேலை செஞ்சாங்க, 1,900 வெள்ளி (ரிங்கிட்). மூணு வாரத்துல 'சுஃப் சுஃப்'னு சத்தம். திரும்பக் கொண்டுபோனா, ஸ்டட் பிடுங்கிக்கிச்சு, பழைய இன்ஜின், எங்க தப்பு இல்ல, இன்னும் 2,500 ஆகும்னு சொல்றாங்க. பில்லுல 'ரிப்பேர் இன்ஜின்'னு மட்டும்தான் இருக்கு. நான் குடுக்கணுமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: உடனே குடுக்காதீங்க. அவங்க சொல்றதுல பாதி உண்மை, அத முதல்ல சொல்லிடுறேன். இந்த இன்ஜினோட கேஸ் (வெளிக்கூடு) மக்னீசியம் கலவை, சூட்டுல சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும் நீளும், இரும்பு ஸ்டட் அந்த அளவுக்கு நீளாது, அதனால ஒவ்வொரு தடவ சூடேறும்போதும் ஸ்டட் கேஸுல இருக்குற மரைய இழுக்குது. அம்பது வருஷத்துக்கு மேல இழுத்தா மிருதுவான மக்னீசியம் எத்தன நாள் தாங்கும். பாலிக் புலாவ் மேடு ஏறி இறங்கின காடின்னா இன்னும் சீக்கிரம் போகும்.

மறு பாதிய அவங்க சொல்லல. ஹெட்ட மாட்டி இறுக்கும்போதே பெரும்பாலும் இது கைக்குத் தெரியும். உங்க வருஷத்து இன்ஜினுக்கு 10 எம்எம் ஸ்டட், இறுக்குற அளவு (டார்க்) 23 ஃபுட் பவுண்டு, அதாவது சுமாரா 31 நியூட்டன் மீட்டர், அதுவும் ஒரே மூச்சுல இல்ல, முதல்ல லேசா எல்லாத்தையும் உக்கார வச்சு அப்புறம் வரிசை முறைப்படி முழுசா. மரை போன ஸ்டட் அந்தக் கணக்குக்கு வரவே வராது, நட்டு சுத்திக்கிட்டே இருக்கும். அப்போ பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு: தெரிஞ்சும் மூடி அனுப்பிட்டாங்க, இல்லன்னா டார்க் ரென்ச்சே (அளவு பாத்து இறுக்குற ஸ்பேனர்) இல்லாம கைக்கணக்குல மிஞ்சி இறுக்கி அவங்களே பிடுங்கிட்டாங்க. ரெண்டுக்குமே நீங்க பொறுப்பு இல்ல.

இது எனக்கு நடந்திருக்கு, அதனாலதான் இவ்ளோ உறுதியா எழுதுறேன். ஜெலுத்தோங் பக்கம் ஒரு கடையில டார்க் ரென்ச் வாங்கினேன், பெட்டி நல்லா இருந்துச்சு, விலையும் மலிவு, வீட்டுக்கு வந்து பாத்தா அளவே 40 நியூட்டன் மீட்டர்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. எனக்கு வேண்டியது 31. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு. சரி 40க்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்திக்கலாம்னு நானே நினைச்சு இறுக்கினேன். மூணாவது சிலிண்டர் கீழ் நட்டு, வெண்ணெயில ஸ்பூன் விட்ட மாதிரி மெதுவா சுத்துச்சு, 'கிளிக்' சத்தம் வரவேயில்ல. ஸ்டட்ட கையாலயே உருவினேன், அதோட நுனியில சாம்பல் நிறத்துல கேஸோட மரை முழுசா சுருள் சுருளா ஒட்டிக்கிட்டு வந்துச்சு, துருவின தேங்காய் மாதிரி. அந்த ஸ்டட்ட இன்னும் மேசை டிராயர்லதான் வச்சிருக்கேன்.

இப்போ நீங்க செய்ய வேண்டியது, கழட்டும்போது பக்கத்துல நில்லுங்க, பிடுங்கின ஸ்டட்டையும் கேஸுல அந்த ஓட்டையையும் போட்டோ எடுங்க, பழைய ஸ்டட்ட வாங்கிக்கிட்டு வாங்க. அது உங்க சொத்து.

அந்த பில். எத்தன வருஷமா இதையே சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னும் மாறல. 'ரிப்பேர் இன்ஜின்', ஒரு தொகை, ஒரு சாப் (முத்திரை). எந்தப் பொருள் மாத்தினாங்க, எத்தன, என்ன பிராண்டு, கூலி எவ்ளோ, ஒண்ணும் கிடையாது. ஆயிரக்கணக்குல வெள்ளிய எண்ணிக் குடுக்குறோம், பசார் மாலத்துல மீன் வாங்குற மாதிரி ஒரு துண்டுச் சீட்டு வாங்கிட்டு வரோம். போமன் (மெக்கானிக்) நல்லவராவே இருக்கட்டும், அவரு மனசுல இருக்குற கணக்கு பிரச்சினை வந்தா நமக்கு உதவாது. வேலைக்கு விடும்போதே சொல்லுங்க: ஹெட் எத்தன டார்க்குல இறுக்கினீங்கன்னு பில்லுல எழுதணும், ஏதாவது ஸ்டட் சரியா பிடிக்கலன்னா மூடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் அடிக்கணும். ஒழுங்கா வேலை செய்றவரு இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு.

அவங்க ஒத்து வரலன்னா பயனீட்டாளர் ட்ரிபியூனல் (தீர்ப்பாயம்) இருக்கு. 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை செய்றவங்க நியாயமான கவனத்தோடயும் திறமையோடயும் செய்யணும், செய்யலன்னா கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் தேவையில்ல. போட்டோ, ஸ்டட், அந்த ரெண்டு வார்த்தை பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: ஒரு ஸ்டட்தான் போச்சு. எப்பாக்ஸி போட்டு ஒட்டிடலாமா? (கெப்போங்)

பதில்: முடியாது.

கேள்வி: ஒரே ஒரு ஸ்டட் போனதுக்கு 16 ஸ்டட் ஓட்டையையும் துளை போட்டு இன்சர்ட் (புது மரை உள்ள குழல்) போடணும், இன்ஜினை முழுசா பிரிக்கணும்னு போமன் சொல்றாரு. ஏமாத்துறாரா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: இல்லங்க, இவரு உங்களுக்கு நல்லதுதான் சொல்றாரு. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் அதே வயசு, அதே சூடு, இன்னிக்கு ஒண்ண மட்டும் பாத்தா ஆறு மாசத்துல மறுபடி இன்ஜினை இறக்கணும், ரெண்டு தடவ கூலி. பிரிக்கணும்னு சொல்றதும் சரிதான், துளை போடுற தூள் கேஸுக்குள்ள எண்ணெய் வழிக்குப் போயிட்டா பேரிங் காலி.

அவருகிட்ட மூணு விஷயம் மட்டும் கேளுங்க. கை டிரில்லா மெஷினா? மெஷின்ல நேரா போடணும், துளை கொஞ்சம் சாஞ்சா ஸ்டட்டும் சாயும், ஹெட் உக்காராது. அடுத்தது, கம்பிச்சுருள் ஹெலிகாயிலா இல்ல முழு இரும்பு இன்சர்ட்டா? கேஸ் சேவர்னு கேட்டா குடுப்பாங்க, வெளி மரை 14 எம்எம், உள்ள 10 எம்எம். மிருதுவான மக்னீசியத்துல எனக்கு இதுலதான் நம்பிக்கை, தடிமனா இருக்குறதால அதிக எடத்துல பிடிக்கும். கடைசியா, இன்சர்ட் கேஸ் முகத்துக்கு ஒரு மயிரிழை கீழ உக்காரணும், மேல துருத்திக்கிட்டிருந்தா சிலிண்டர் சரியா அமராது.

கேள்வி: செந்தூல்ல ஒருத்தருகிட்ட 1970 பீட்டல் வாங்கினேன். ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாத்தேன், இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்போ மூணாவது சிலிண்டர்ல ஸ்டட் போயிருக்கு. பணத்தத் திருப்பி வாங்க முடியுமா?

பதில்: ராத்திரியில, ஏற்கெனவே சூடா ஓடிக்கிட்டிருந்த இன்ஜினை, டார்ச் கூட இல்லாம பாத்துட்டு வந்து இப்போ கேட்டா நான் என்ன சொல்றது. பகல்ல போகணும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணணும், சிலிண்டருக்குக் கீழ எண்ணெய் கசிவு இருக்கான்னு குனிஞ்சு பாக்கணும். அந்த வருஷத்து இன்ஜின்ல மூணாவது சிலிண்டருக்கு முன்னாடி ஆயில் கூலர் நிக்கும், காத்து குறைவு, எப்பவும் அங்கதான் சூடு அதிகம், அதனால முதல்ல அங்கதான் பாக்கணும். வித்தவரு வியாபாரி இல்லன்னா ட்ரிபியூனல் உங்க புகார எடுக்காது. வியாபாரமா காடி விக்கிறவருன்னா எனக்கு மறுபடி எழுதுங்க, அது வேற கதை.

இன்னொண்ணு, வேற இன்ஜின் கேஸ் வாங்கி மாத்திடலாம்னு யாராவது சொன்னா அவசரப்படாதீங்க. இன்ஜின் நம்பர் கேஸுலதான் அடிச்சிருக்கு. கிராண்டுல (காடி பதிவுப் பத்திரத்துல) இருக்குற நம்பரோட ஒத்துப்போகலன்னா பேர் மாத்துறப்போ புஸ்பாகோம் வாகனச் சோதனையில நிக்கும். ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகாவுல) கேட்டுட்டு அப்புறம் கேஸுக்குக் காசு குடுங்க.

கேள்வி: 8 எம்எம் ஸ்டட்டுக்கு மாறலாமா? (புக்கிட் மெர்த்தாஜம்)

பதில்: சாதாரண இன்ஜினுக்கு நல்லது. 70களோட ஆரம்பத்துல கம்பெனியே அதுக்கு மாறிச்சு, மெல்லிசா இருக்குறதால கொஞ்சம் நீண்டு குடுக்கும், கேஸ் மரைய அவ்ளோ இழுக்காது. ஆனா டார்க் 18 ஃபுட் பவுண்டுதான், 23 வச்சுடாதீங்க. ஹெட் ஓட்டை எந்த அளவுன்னு பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் வார்த்தைய நம்பி வாங்காதீங்க.

கேள்வி: ஃபிளாட் காரிடார்ல நானே துளை போடலாம்னு இருக்கேன். ஏதாவது கவனிக்கணுமா? (கெப்போங்)

பதில்: மக்னீசியம் தூள் தீப்பிடிக்கும், தண்ணி ஊத்தினா இன்னும் பத்திக்கும், காஞ்ச மணல்தான் போடணும். காரிடார்ல அண்டை வீட்டுப் பிள்ளைங்க ஓடுற எடத்துல தயவுசெஞ்சு வேணாம்.