வாசகர் கேள்வி–பதில்: படகில் ஏறுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கயாக், சிறு விசைப்படகு, தூண்டில் படகு வைத்திருக்கும் வாசகர்கள் கடல் வானிலை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: 'பிற்பகலில் இடியுடன் மழை' என்று தினமும் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் பயந்தால் கயாக்கை வெளியே எடுக்கவே முடியாது. எதை நம்புவது?
(பாசிர் ரிஸ் வாசகர்)

ப: சிங்கப்பூரில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாள்களில் எங்காவது இடி இடிக்கிறது. அதனால் 24 மணி நேர முன்னறிவிப்பை வைத்துப் 'போகலாமா' என்று முடிவு செய்ய முடியாது. 'எத்தனை மணிக்குள் கரையேற வேண்டும்' என்று முடிவு செய்யலாம். அதில் காற்றின் திசையும் வேகமும் இருக்கும். பலர் மேகப் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். படகுக்காரருக்கு முதலில் வேண்டியது காற்றுதான்.

கிளம்புவதற்குச் சற்று முன் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் 2 மணி நேர முன்னறிவிப்பைத் திறந்து பாருங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியிலும் அது இருக்கிறது. வீடு இருக்கும் வட்டாரத்தைப் பார்த்துப் பயனில்லை. புலாவ் உபின், செந்தோசா, தெற்குத் தீவுகள், மேற்குத் தீவுகள் எல்லாம் அதில் தனித்தனியாக உண்டு. போகும் இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது மழை ரேடார். ஒரே ஒரு படத்தைப் பார்க்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். மழைத்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, பெரிதாகிறதா கரைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மூலையில் இருக்கும் நேரத்தையும் கட்டாயம் படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட படம் எதற்கும் உதவாது.

ரேடார் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மார்ச் இறுதி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று ஓய்ந்திருக்கும். வெயிலில் நிலம் சூடேற, பல பக்கங்களிலிருந்து வரும் கடற்காற்று தீவின்மேல் முட்டி, மேகம் நம் தலைக்கு மேலேயே வளர்கிறது. வெளியிலிருந்து நகர்ந்து வராததால் மதியம் ரேடார் துப்புரவாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் இடி இறங்கலாம். அந்த மாதங்களில் காலையிலேயே போய், நண்பகலுக்குள் கரையேறுங்கள். காலிஃபிளவர் போல மேகம் உயர்ந்துகொண்டே போய், உச்சி தட்டையாகப் பரவ ஆரம்பித்தால் அதற்கு மேல் எந்தச் செயலியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

கே: விடியுமுன் தூண்டில் போடப் போகிறோம். சுமத்ரா சூறைக்காற்று வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

ப: முடியும். ஆனால் ஒரு மணி, இரண்டு மணி நேர அவகாசம்தான் கிடைக்கும். சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ உருவாகும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகத் திரண்டு கிழக்கே வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிலிருந்து நண்பகலுக்குள் நம்மைத் தொடும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் ஒரு சூறைக்காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது பதிவாகியிருக்கிறது. 2024 செப்டம்பர் 17 அன்று அதே தெங்காவில் 83.2 கிலோமீட்டர்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே 240 கிலோமீட்டர் தொலைவு வரை காட்டும் ரேடாரில் மேற்கைப் பாருங்கள். வடக்குத் தெற்காக வில் போல வளைந்த கோடு தெரிகிறதா? அரை மணி நேரத்தில் அது நகர்ந்த தூரத்தை இரட்டித்தால் மணிக்கு எவ்வளவு வேகம் என்று வரும். அரை மணியில் 20 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் மணிக்கு 40. இன்னும் 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் மழை. ஆனால் அந்த ஒன்றரை மணியையும் கடலில் செலவழிக்க முடியாது. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி மழைக்கு முன்னால் ஓடிவரும். ரேடாரோ மழையைத்தான் காட்டும், அந்தக் காற்றைக் காட்டாது. ஆகவே கணக்கில் வரும் நேரத்தில் பாதியை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இருக்கும்போது மேற்கே அடிவானத்தில் கரும்பட்டை தெரிந்து, புழுக்கம் போய்த் திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் அவகாசம் முடிந்துவிட்டது. தொலைவில் இருக்கும் சொந்தப் படகுத்துறையைத் தேடாமல், பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அங்கே ஒதுங்குங்கள். நங்கூரம் போட்டிருக்கும் கப்பலின் அருகில் ஒதுங்க வேண்டாம். காற்று திரும்பும்போது கப்பலும் சுழலும்.

கே: உபின் சதுப்பு நிலக் காட்டுக்குள் கயாக்கில் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டோம். ஓத அட்டவணையை எப்படிப் படிப்பது?
(செங்காங் வாசகர்)

ப: நம் கடலில் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி, இரண்டு முறை வற்றும், நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போன அதே மணிக்கு இந்த வாரம் போனால் ஓடையில் சேறுதான் இருக்கும். சதுப்பு நிலத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நுழைந்து, உச்சத்தைத் தொட்டதும் வெளியேறுங்கள்.

எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு மாலுமிகளின் பன்னிரண்டில் பங்குக் கணக்கு உதவும். வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஆறு மணி நேரம் என்றால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு வீதம் ஏறும். காலை 9 மணிக்கு 0.4 மீட்டர், பிற்பகல் 3 மணிக்கு 2.8 மீட்டர் என்று அட்டவணை சொன்னால் வித்தியாசம் 2.4 மீட்டர். அதில் பாதி, 1.2 மீட்டர், 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மட்டும் ஏறிவிடும். வற்றும்போதும் இதே கணக்குதான். நீங்கள் மாட்டிக்கொண்டது அந்த நடு இரண்டு மணி நேரத்தில் இருக்கலாம்.

பெரிய ஓதம் எப்போது என்று அறிய வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஏற்ற இறக்கம் மிகுதி. அஷ்டமி, நவமியை ஒட்டிக் குறைவு. புதிதாகத் துடுப்புப் போடுவோருக்கு அந்த நாள்களே நல்லவை.

இன்னொன்று. நீர்மட்டம் வேறு, நீரோட்டம் வேறு. தண்ணீர் உச்சத்தில் நிற்கிறது என்பதால் ஓட்டமும் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் நீரிணையில் இரண்டும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. தெற்குத் தீவுகளுக்குப் போவோர் ஓத அட்டவணையோடு நீரோட்ட அட்டவணையையும் பார்க்க வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் துடுப்புப் போடுபவர் 3 நாட் (மணிக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர்) நீரோட்டத்தை எதிர்த்தால், மணிக்கு அரை கிலோமீட்டர் பின்னோக்கித்தான் போவார்.

கே: ஒரு செயலியில் காற்று 12 என்கிறது, இன்னொன்றில் 22. எது சரி?
(தெம்பனிஸ் வாசகர்)

ப: இரண்டும் சரியாக இருக்கலாம். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 12 நாட்தான் அந்த 22. அமைப்பில் அலகை ஒரே மாதிரி மாற்றிவையுங்கள். எங்கள் கணிப்பில், 10 நாட் சீராக வீசினால் புதியவர்கள் கயாக்கை எடுக்க வேண்டாம். அலை உச்சிகளில் அங்கங்கே வெண்நுரை தெரிவதும் ஏறத்தாழ அப்போதுதான்.

உலகளாவிய செயலிகள் காட்டும் எண் கணினி மாதிரியிலிருந்து வருவது. அது வட்டாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டமே 9 கிலோமீட்டர் அகலம். ஓர் இடிமேகம் அதற்குள் அடங்கிவிடும். பருவக்காற்றை அது நன்றாகச் சொல்லும், சூறைக்காற்றுக்கு ரேடார்தான்.

திசையிலும் கவனம் வேண்டும். கிழக்குக் காற்று என்றால் கிழக்கிலிருந்து வருவது. கிழக்கு நீரோட்டம் என்றால் கிழக்கு நோக்கிப் போவது. இரண்டும் எதிரெதிராக மோதும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். டிசம்பர், ஜனவரியில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் வேறு ஆபத்து: காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அமைதியாகத் தெரியும். சுலபமாக வெளியே தள்ளிவிடும், திரும்பும்போதுதான் கைவலி தெரியும்.

கே: நடுக்கடலில் மின்னல் தெரிந்தால்?
(ஈசூன் வாசகர்)

ப: மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை 3 ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்துவிட்டால் கரைக்குத் திரும்ப வேண்டும். கார்பன் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும், படுக்க வையுங்கள். கரையேறியதும் மரத்தடியிலோ சுவரில்லாக் கொட்டகையிலோ நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி தண்ணீரில் இறங்கலாம். நடுவில் ஓர் இடி கேட்டால் முதலிலிருந்து எண்ணுங்கள்.