சமூக ஊடகங்கள் செய்தியையும் வியாபாரத்தையும் அன்றாடப் பேச்சையும் எப்படி மாற்றியிருக்கின்றன? உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் ஊர்த் தமிழர்களை வைத்தே பதில் சொல்கிறேன். வியாபாரத்தில் நமக்கு நல்ல ஆதாயம். பேச்சில் கொஞ்சம் கூடியும் கொஞ்சம் குறைந்தும் போயிருக்கிறது. செய்தி விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மலேசியாவில் நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அது. 2012 வரை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. இதற்கிடையில், 1990-களில் மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்ற தகவல் தொழில்நுட்ப வட்டாரத் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை அழைத்தபோது, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அந்த வழியில்தான் 1999-இல் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் வந்தது. மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராஃப் அமைப்பு 2007 நவம்பர் 25-இல் நடத்திய பேரணிக்கு ஆள் திரண்டதில் குறுஞ்செய்திக்கும் வலைப்பதிவுக்கும் பெரிய பங்கு உண்டு. கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கிப் படங்களை மறுநாள் பத்திரிகைக்குக் காத்திராமல் அன்றைக்கே பார்த்தோம். உரிமம் பறிபோகுமோ என்ற பயமில்லாமல் ஒருவர் நடந்ததைச் சொல்ல முடிந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அன்று அதை எழுதியவர்களுக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. இன்று எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் வரும் செய்திக்கு அது இல்லை. 2024 ஆகஸ்ட் 23 காலை, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்மணி எட்டு மீட்டர் ஆழக் குழியில் விழுந்தார். கண்காணிப்புக் கேமரா காட்சி எல்லாக் கைப்பேசிக்கும் பரவிவிட்டது. ஒருவர் விழுவதை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கிறோமே, அவருடைய வீட்டாரும் இதைப் பார்ப்பார்களே என்று எனக்குக் கூசியது. பிறகு குரல்பதிவுகள் வந்தன. உடல் கிடைத்துவிட்டது என்று ஒன்று, அடுத்து எந்தக் கட்டடம் இறங்கப் போகிறது என்று ஒன்று. மீட்புப் படையினர் ஒன்பது நாள் தேடினார்கள். தேடலை நிறுத்தியபோதும் அந்த அம்மா கிடைக்கவில்லை. உடல் கிடைத்ததாகச் சொன்ன குரல் யாருடையது என்று இன்றுவரை எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களோ ஆள் வரத்தில்லாமல் நாளைக் கழித்தார்கள்.

1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ், நட்டம் தாங்காமல் 2019 ஜனவரி 31-உடன் நின்றுபோனது. பழியை முகநூல் மேல் மட்டும் போட முடியாது. மரண அறிவிப்பும் கருமக்கிரியை அழைப்பும் வாட்சாப்புக்கு மாறியது நல்லதுதான், மறுநாளே எடுத்துவிடும் வீட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடிகிறது. ஆனால் ஞாயிறு பதிப்புக்குத் தோட்டத்து ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் கதை கவிதை அனுப்புவார்கள். ஒருவர் உட்கார்ந்து படித்து, திருத்தி, சரியில்லை என்றால் திருப்பியும் விடுவார். அந்த வேலையைச் செய்ய இணையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பொறுப்பு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் நம் சமூகத்துப் பெண் ஒருவர் டிக்டாக் வசைகளுக்கு ஆளாகி இறந்தார். அந்த வழக்கில் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். சிறு குற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவில் உச்சத் தொகையே அவ்வளவுதான். அதன் பிறகுதான் பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்தார்கள். 2025 ஜனவரி 1 முதல், நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இதே அதிகாரம் நாளை நியாயமான விமர்சனத்தின் மேலும் பாயலாம் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. இருந்தும் 100 ரிங்கிட் நிலைக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வராது.

வியாபாரத்துக்கு வருகிறேன். செந்தூலில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தீபாவளிக்கு முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை போடுகிறார். கடை கிடையாது. வாட்சாப் ஸ்டேட்டஸில் படம் போடுவார், டுயிட்நவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றக் கியூஆரில் பணம் வரும், டெலிவரி தம்பி வந்து டின்களை எடுத்துப் போவார். மஸ்ஜித் இந்தியாவில் கடை வாடகை கொடுத்து அவரால் இதைச் செய்திருக்கவே முடியாது. சேலை விற்கும் பெண்களும் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு முகநூல் லைவில் உட்கார்ந்து கிளாங்கிலிருந்து ஈப்போ வரைக்கும் வாடிக்கை பிடிக்கிறார்கள். ஒருமுறை யாரோ பணம் போட்டதாகப் போலி ரசீதுப் படம் அனுப்பி அக்காவின் டின்களை வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது அவர் கறாராகச் சொல்லிவிடுவார்: "பணம் கணக்குல விழுந்தாத்தான் டின்னு வெளிய போகும் தம்பி." நீங்கள் வாங்குபவராக இருந்தால், முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் பணம் போடும் முன் மோசடிக் கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தவர்களில் முன்னோடி நம் நாட்டு முத்து நெடுமாறன். அவருடைய செல்லினம் என்ற செயலி 2005 பொங்கலுக்கு வெளிவந்தது. இருந்தும் எங்கள் வீட்டு இளசுகள் ரோமன் எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். எழுதவே தெரியாத பாட்டிமாருக்கு மட்டும் குரல்பதிவு பெரிய வரம். ஜொகூரில் இருக்கும் பேத்தியிடம் என் பாட்டி நாள் தவறாமல் பேசுகிறார், பேத்தியும் தமிழிலேயே பதில் சொல்கிறாள். இது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் வதந்திக்கும் அதே குரல்பதிவுதான் வசதி. தேடிப் பார்க்க முடியாது, எங்கிருந்து கிளம்பியது என்றும் தெரியாது. அதனால் எங்கள் குழுவில் பெரியம்மா ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறார். விபத்து, சாவு, கோயில் தகராறு என்று எது வந்தாலும் "யாரு பார்த்தா? எப்போ?" என்று கேட்பார். அனுப்பியவர் பெயர் சொல்லிப் பதில் தரும்வரை அதை வேறு குழுவுக்கு யாரும் தள்ளிவிடக் கூடாது. பெரும்பாலும் அனுப்பியவரே கொஞ்ச நேரத்தில் அழித்துவிடுகிறார்.