கணினி கேள்வி – பதில்: பெயர் வைத்த ரேஞ்சிலிருந்து ஒரே ஒரு செல்

கேள்வி: பன்னிரண்டு மாத விற்பனையை பி2 முதல் பி13 வரை போட்டு, அதற்கு 'சேல்ஸ்' என்று பெயர் கொடுத்திருக்கிறேன். மொத்தம், சராசரி எல்லாம் சரியாக வருகிறது. ஐந்தாவது மாதம் மட்டும் வேண்டுமென்றால் பி6 என்றுதான் எழுதுகிறேன். அப்புறம் பெயர் எதற்கு? இன்னொன்று: டி6-ல் =சேல்ஸ் என்று போட்டால் அலுவலக எக்செலில் ஒரே ஒரு எண் வருகிறது, வீட்டு எக்செலில் பன்னிரண்டும் கொட்டுகிறது. ஏன்?

பதில்: பி6-ஐ விடுங்கள். =இண்டெக்ஸ்(சேல்ஸ், 5) என்று எழுதுங்கள். இந்த 5 ஷீட்டின் வரிசை எண் இல்லை, ரேஞ்சின் முதல் செல்லிலிருந்து எண்ண வேண்டியது. என்னிடம் வரும் பாதி ஃபைல்களில் இங்கேதான் 6 என்று போட்டு, அடுத்த மாதக் கணக்கை எடுத்திருப்பார்கள். 13 போட்டால் ரெஃப் பிழை வந்து உடனே காட்டிக் கொடுத்துவிடும். 6 போட்டால் சத்தமே வராது.

ஆனால் இண்டெக்ஸ் இடத்தைத்தான் பார்க்கும், மாதத்தைப் பார்க்காது. நடுவில் யாராவது ஒரு வரிசையைச் செருகினால் ஐந்தாவது இடத்தில் வேறு எண் உட்கார்ந்திருக்கும். அதனால் நான் எண்ணை நேரடியாக எழுதுவதே இல்லை. ஏ பத்தியில் உள்ள மாதப் பெயர்களுக்கு 'மந்த்ஸ்' என்று பெயர் வைத்து, =இண்டெக்ஸ்(சேல்ஸ், மேட்ச்("மே", மந்த்ஸ், 0)) என்று போடுவேன். மே எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மேட்ச் தேடிச் சொல்லும். கடைசியில் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பட்டியல் அகரவரிசையில் இருப்பதாக எக்செல் நினைத்துக்கொள்ளும். மாதங்கள் எங்கே அகரவரிசையில் வருகின்றன?

இண்டெக்ஸ் கொடுப்பது வெறும் மதிப்பை மட்டுமல்ல, செல்லின் முகவரியையும்தான். அதனால் =சம்(இண்டெக்ஸ்(சேல்ஸ், 4):இண்டெக்ஸ்(சேல்ஸ், 6)) என்றால் இரண்டாம் காலாண்டு மொத்தம் வந்துவிடும். ஆஃப்செட் என்ற ஃபங்ஷனிலும் இதைச் செய்யலாம். ஷீட்டில் எதைத் தொட்டாலும் அது மறுபடி கணக்குப் போடும், பெரிய ஃபைல் என்றால் நகரவே நகராது. எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். உங்கள் அலுவலகத்தில் இருப்பது பழைய எக்செல். அது ஃபார்முலா இருக்கும் வரிசைக்கு நேரே உள்ள செல்லை மட்டும் எடுத்துக்கொள்ளும். டி6-க்கு நேரே பி6, அதனால் ஒரே எண். அதையே டி20-ல் போட்டுப் பாருங்கள், நேரே ஒன்றும் இல்லாததால் வேல்யூ பிழை வரும். எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 இரண்டும் முழு ரேஞ்சையும் கீழே விரித்துவிடும். பழையபடி வேண்டுமென்றால் =@சேல்ஸ் என்று எழுதுங்கள்.

மாதத்துக்கு ஒரு பெயர் வைக்கும் யோசனை இருந்தால் ஒன்று: 'ஜேன்2024' என்று ஆங்கிலத்தில் சுருக்கி வைத்தால் எக்செல் ஏற்காது. பத்திகளின் எழுத்துகள் எக்ஸ்எஃப்டி (XFD) வரை போவதால் JAN என்பதும் ஒரு பத்தி, JAN2024 ஒரு செல்லின் முகவரி! நடுவில் ஒரு அடிக்கோடு போட்டால் ஏற்றுக்கொள்ளும்.