மீனின் உடம்பில் வாழும் பாக்டீரியா: கேள்வி பதில்

மன்னார்குடி: கட்லா கையில் வழுக்குகிறது. அந்த வழவழப்பைக் கழுவிவிட்டுக் குட்டையில் விடலாமா?

கழுவவே கூடாது ஐயா. அந்தக் கோழைதான் மீனுக்கு முதல் காவல். கிருமியை உடைக்கும் லைசோசைம் அதில் இருக்கிறது. தீங்கில்லாத பாக்டீரியாவும் அங்கே குடியிருந்து, கெட்டதற்கு இடம் கொடுக்காது. வலையில் உரசிக் கோழை உரிந்த இடத்தில்தான் ஏரோமோனாஸ் என்ற நோய்தரும் பாக்டீரியா நுழையும். குடலில் இன்னும் சுவாரசியம்: செட்டோபாக்டீரியம் என்ற இனம் கெண்டைக்கும் ஜிலேபி (திலாப்பியா) மீனுக்கும் பி12 வைட்டமின் செய்து தருகிறது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் அதுவும் சேர்ந்து சாகும்.

கும்பகோணம்: முன்னெச்சரிக்கையாக எந்த ஆன்டிபயாடிக் போடலாம்?

எதுவும் வேண்டாம். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் இரண்டும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

திருவாரூர்: மார்கழியில் விரால் உடம்பெல்லாம் சிவப்புப் புண். பாக்டீரியாதானே?

தொடக்கம் பாக்டீரியா இல்லை. அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்ற, பூஞ்சை போன்ற நீர்ப்பூசணம். 1988-இல் இந்தியாவுக்குள் வந்தது. மழைக்குப் பிறகு தண்ணீர் குளிரும்போது அதன் வித்துகள் நீந்திவந்து தசைக்குள் துளைக்கும்.

நீடாமங்கலம்: தப்பு சார். எங்கள் விராலைச் சோதித்ததில் ஏரோமோனாஸ்தான் வந்தது.

வரும் தம்பி. அது குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருப்பது. புண் திறந்ததும் உள்ளே போய்ப் பெருகும். புண்ணின் மேற்பரப்பைத் துடைத்து வளர்த்தால் அதுதான் தெரியும். புண் ஓரத்துத் தசையை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், பூசண இழை தெரியும்.

நீடாமங்கலம்: அப்படியென்றால் அதே குளத்து ஜிலேபிக்கு ஏன் வரவில்லை? பூசணம் ஆள் பார்த்தா துளைக்கும்?

ஆமாம், ஆள் பார்த்துத்தான். ஜிலேபியும் சாதாக் கெண்டையும் இந்த நோயைத் தாங்கும். விராலும் குளத்துச் சிறு கெண்டைகளும் தாங்காது. உங்கள் கேள்வியே என் பக்கம் பேசுகிறது: ஏரோமோனாஸ் மட்டும் காரணமென்றால் ஜிலேபியும் தப்பியிருக்காது, அதற்கும் அந்தக் கிருமி நோய் தரும். மழைக்கு முன்பே தண்ணீரின் காரத்தன்மை பார்த்துச் சுண்ணாம்பு போடுங்கள். வயல் வடிகால் தண்ணீரைக் குட்டைக்குள் விடாதீர்கள்.

பாபநாசம்: விரால் புண்ணுக்கு எந்த ஆன்டிபயாடிக் நல்லது?

மேலே திருவாரூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்: தொடக்கம் பாக்டீரியா இல்லை.

ஒரத்தநாடு: மீன் முள் குத்திய விரல், வாரக்கணக்கில் ஆறாத கட்டி.

இன்றே டாக்டரிடம் போங்கம்மா. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி மீனிலிருந்து தொற்றி இப்படிச் செய்யும். வழக்கமான மருந்துக்கு அடங்காது. மீன் முள் குத்தியதென்று மறக்காமல் சொல்லுங்கள்.

திருவையாறு: குட்டைத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் கரைக்கலாமா?

கூடாது.

வலங்கைமான்: ஏரேட்டர் எது வாங்கலாம்?

அது என் துறையில்லை. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.