வங்கிக்குக் கொடுத்த அவகாசத்தை வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்

கேள்வி: வீட்டு விலை சரிந்து வங்கிகள் தள்ளாடும்போது, அரசாங்கம் மக்கள் பணத்தைப் போட்டு அவற்றைத் தூக்கி நிறுத்துகிறது. மாதாமாதம் வீட்டுக் கடன் கட்டுகிறவர் இதை எப்படிப் பார்க்கிறார்?

நான் கோலாலம்பூர்வாசி. 1996-ல் கடன் போட்டு செந்தூல் பக்கம் வீடு வாங்கியவன். 1998-ன் ஆசிய நிதி நெருக்கடியைத் தவணை கட்டிக்கொண்டே கடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வங்கியைக் காப்பாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு வங்கி நிஜமாகவே கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று பார்த்ததில்லை. 1986-ல் இங்கே வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகள் முடக்கப்பட்டன. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் சின்னக் கடைக்காரர்கள், கூலி வேலை செய்தவர்கள். கையில் பாஸ் புத்தகம் இருக்கும், பணம் எடுக்க முடியாது. போதாததற்கு, நம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணமே பெரிய வங்கிகளின் பங்குகளில்தான் கணிசமாகக் கிடக்கிறது. வங்கி விழுந்தால் அடி நம் முதுகிலும் விழும்.

என் கோபம் வேறு இடத்தில். காப்பாற்றுவது, மீட்பது என்று எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும், உள்ளே பிரித்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி அவகாசம்தான். ‘இப்போது விற்றால் நஷ்டம், நாலு வருடம் பொறுத்தால் விலை ஏறும், அதுவரை நாங்கள் தாங்குகிறோம்’ என்று அரசாங்கம் வங்கியிடம் சொல்கிறது. அதே வங்கி வீட்டுக்காரரிடம் இதைச் சொல்வதில்லை.

1998-ல் இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ரிங்கிட் சரிந்ததும் வட்டியை ஏற்றினார்கள். பிஎல்ஆர் எனப்படும் அடிப்படைக் கடன் வட்டி அந்த ஆண்டு நடுவில் 12 சதவீதத்தைத் தாண்டியது. அதன்மேல் வங்கி தன் பங்குக்கு ஒன்றோ ஒன்றரையோ வைக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 120,000 வெள்ளி (ரிங்கிட்) கடன், 25 ஆண்டு. 10 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,090 வெள்ளி. 13.5 சதவீதத்தில் அதுவே சுமார் 1,400. சம்பளம் ஏறவில்லை, ஓவர்டைம் நின்றுபோனது, பல இடங்களில் வேலையே போனது. தவணை மட்டும் 300 வெள்ளி கூடியது. எங்கள் வீட்டில் நகை பஜாக் கடைக்கு (அடகுக் கடைக்கு) போய்த்தான் பல மாதங்கள் ஓடின.

அதே நேரம் வங்கிகளுக்கு என்ன கிடைத்தது? ஜனவரியிலேயே வைப்புத்தொகை முழுவதற்கும் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஜூனில் டனாஹார்த்தா, ஆகஸ்டில் டனாமோடல். டனாஹார்த்தாவின் வேலை வங்கிகளின் வாராக்கடனை வாங்கிக்கொள்வது. டனாமோடலின் வேலை மூலதனம் போடுவது. அப்புறம் ஒரு சின்ன விதி மாற்றம், பலருக்கு நினைவிருக்காது. 6 மாதம் தவணை நின்றால் வாராக்கடன் என்று இருந்ததை அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 3 மாதமாக இறுக்கினார்கள். வங்கிகளின் கணக்கு தாங்கவில்லை. செப்டம்பரில் மறுபடி 6 மாதமாக்கிவிட்டார்கள். வங்கிக்கு மூச்சு முட்டினால் விதி வளைகிறது.

டனாஹார்த்தா மோசமான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், நன்றாகவே நடத்தினார்கள். சுமார் 48 பில்லியன் ரிங்கிட் கடனைக் கையாண்டு, வேலை முடிந்ததும் 2005-ல் மூடிவிட்டார்கள். விலைக்கு வாங்கிய கடன்களுக்குச் சராசரியாக முகமதிப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கவனம் வைத்தது 5 மில்லியனும் அதற்கு மேலும் உள்ள கடன்களில். செராஸில் லிங்க் வீடு (வரிசை வீடு) வாங்கினவனின் கடன் எந்தக் காலத்தில் 5 மில்லியன் ஆகும்? கட்டி முடிக்காத கோபுரத்தின் கடனை ஏழு வருடம் பொறுமையாகப் பிரித்து விற்க ஒரு நிறுவனம் இருந்தது. ஒற்றை வீட்டுக் கடனுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் இருந்தது.

என் மச்சான் ஒருவர் பூச்சோங்கில் வீடு வாங்கியிருந்தார். கட்டுமான வேலைக்கு லாரி ஓட்டியவர். அந்த வேலை ஒரேயடியாக நின்றுபோனது. வங்கிக்குப் போய், ‘ஒரு வருடம் வட்டியை மட்டும் கட்டுகிறேன், அசலை அப்புறம் பார்க்கலாம்’ என்று கேட்டார். முடியாது என்றார்கள். வீடு லெலோங் (ஏலம்) போனது. முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலையைப் பத்து சதவீதம் குறைப்பது வழக்கம். அப்படிக் குறைந்து குறைந்து யாரோ ஒருவர் எடுத்தார். மச்சானுக்கு வீடும் இல்லை, ஏல விலை போக மீதிக் கடனும் தலையில். பலருக்குத் தெரியாத விஷயம் இது: மலேசியாவில் வீடு ஏலம் போவதோடு கடன் தீராது. குறைகிற தொகைக்கு வங்கி வழக்குப் போடலாம். இன்றைய சட்டப்படி பாக்கி 100,000 வெள்ளியை எட்டினால் திவாலாக்கவும் மனுச் செய்யலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், குடியிருக்க வாங்கிய வீட்டின் முதல் கடனுக்கு வீட்டோடு கணக்கு முடிந்துவிடும். அந்த வசதி நமக்கு இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? 1999 முடிவதற்குள் பிஎல்ஆர் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வீட்டு விலையும் 1998-ல் சுமார் 9 சதவீதம் விழுந்து, 2000-ல் ஏறத் தொடங்கிவிட்டது. மச்சான் கேட்டது ஒரு வருடம். அதைக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், வங்கிக்கும் முழுப் பணம் வந்திருக்கும்.

அமெரிக்காவின் 2008-ம் இதே கதைதான், தொகை மட்டும் பெரியது. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி செப்டம்பரில் விழுந்தது. அக்டோபர் 3-ல் 700 பில்லியன் டாலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டம் கையெழுத்தானது. இரண்டே வாரத்தில் ஒன்பது பெரிய வங்கிகளுக்கு 125 பில்லியன் ஒதுக்கியாயிற்று. வீட்டுக்காரர்களுக்கான தவணைக் குறைப்புத் திட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களுக்கு உதவும் என்றார்கள். நிரந்தரமாகத் தவணை மாற்றி வாங்கியவர்கள் 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. மனுவை வாங்கி, காகிதம் தொலைந்தது என்று சொல்லி, மறுபடி கேட்டு இழுத்தடித்தது யார்? அந்தக் கடன்களை வசூல் செய்த வங்கிகளும் அவற்றின் ஆட்களும்தான்.

‘வங்கிகள் அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டனவே, அரசாங்கத்துக்கு லாபம்தானே’ என்று ஒரு வாதம் வரும். வங்கிகளுக்குப் போட்ட பணத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் எனக்கு அது எதிர்ப்பக்கத்து வாதமாகத்தான் படுகிறது. பொறுத்திருந்தால் பணம் திரும்பி வரும் என்றுதானே அது காட்டுகிறது? அதே பொறுமையை வீட்டுக்காரரிடம் காட்டினால் மட்டும் ஏன் அது தர்மம் போடுவதாகிவிடுகிறது?

வேறு வழியே இல்லை என்பதும் சரியில்லை. அதே அமெரிக்கா 1933-ல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்று ஒன்றை வைத்தது. அது தவணை நின்ற வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி, அவற்றுக்குப் பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு அந்தக் கடனை 5 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடனாக மாற்றிக் கொடுத்தது. சுமார் 10 இலட்சம் குடும்பங்கள் இதில் வந்தன. ஐந்தில் ஒருவர் அப்போதும் வீட்டை இழந்தார், மறைக்க வேண்டாம். ஆனாலும் 1951-ல் மூடியபோது கழகம் நஷ்டத்தில் இல்லை. வங்கியும் பிழைத்தது, பெரும்பாலான வீடுகளும் பிழைத்தன. ஒரே பணம், போன வழிதான் வேறு. வாய்க்காலில் விட்டால் வயலுக்கும் பாய்ந்திருக்கும் தண்ணீரை நேரே குளத்தில் கொட்டிவிட்டு, வயல் ஏன் காய்கிறது என்று கேட்கிறார்கள்.

ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நானும் ஒழுங்காகக் கட்டியவன்தான். பக்கத்து வீடு லெலோங் போனால் என் வீட்டு விலையும் சேர்ந்து விழுகிறது, அதனால் அவருக்கு அவகாசம் கொடுப்பதில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் எல்லை வேண்டும். குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும். விலையை ஏற்றிக் காட்டி அதிகக் கடன் எடுத்து, மிஞ்சியதை ‘கேஷ்பேக்’ என்று கையில் வாங்கி, நாலைந்து கொண்டோமினியம் பிடித்துப் போட்டவர்களுக்கு ஒரு காசுகூடக் கூடாது.

2020-ல் நம் நாட்டிலேயே இது கொஞ்சம் நடந்தது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணையை, 90 நாளுக்கு மேல் பாக்கி வைக்காத வீட்டுக்காரர்களுக்குத் தானாகவே ஒத்திவைக்கச் செய்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, இலவசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எந்த வங்கியும் கவிழவில்லை. வேலை போன என் தங்கை மகன் அந்த ஆறு மாதத்தில்தான் வேறு வேலை தேடிக்கொண்டான். வீடு இன்னும் அவன் பெயரில் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தவணை இப்போது தடுமாறினால், மூன்றாவது மாதம் வரை காத்திருக்காதீர்கள். முதல் தவணை நிற்கும் முன்பே வங்கிக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசியது எங்கும் பதிவாகாது. கூடவே ஏகேபிகே-வுக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. வழக்கு முற்றிய பிறகு போனால் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.